மறைத்து வைத்த நூற்றுப் பதினேழு

அந்தச் சட்டையைக் கழற்றச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சேலைக்கு மேலே ஒரு பழைய ஆம்பளைச் சட்டை. வயல் வேலைக்குப் போகிற பெண்கள் எல்லோரும் போடுவதுதான். வெயிலுக்காக, சேற்றுக்காக, குனியும்போது பார்க்கிற கண்களுக்காக. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கழற்றச் சொன்னேன்.

பிரம்மநாயகி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. கூட்ட அறைத் திரையில் ஆறுமுகத்தாய் முழங்கால் அளவு சேற்றில் நின்று நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு நொடி வீடியோ. முதல் பாதி அம்மா. நடுகிறாள், நிமிர்கிறாள், புறங்கையால் நெற்றியைத் துடைக்கிறாள். அடுத்த பாதி மகள் முத்துராணி. வெள்ளைச் சீருடையில், பல்கலைக்கழக ஆய்வகத்தில், ஒரு பெரியவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கிறாள். கடைசியில் எழுத்து வருகிறது: 'நாற்று நட்ட கை. நாடி பார்க்கும் கை.' அந்த வரியை எழுதியவள் பிரம்மநாயகி. எழுதிய அன்று அவளுக்கே கண் கலங்கியது. இப்போது அதை நினைத்தால் வாய் கசந்தது.

"இதுதான்வே சரக்கு," என்றார் பெருமாள்ராஜ். மாணவர் சேர்க்கைக்கும் விளம்பரத்துக்கும் அவர்தான் இயக்குநர். "டிரோன் விட்டுப் பாத்தாச்சு, துணைவேந்தரைப் பேச வச்சுப் பாத்தாச்சு, பிள்ளைகள ஆட விட்டும் பாத்தாச்சு. ஒண்ணாவது இது கிட்ட வந்துச்சா? பன்னெண்டு லட்சம் பேரு பாத்திருக்கான். நாளக்கழிச்சு ப்ளஸ் டூ ரிசல்ட்டு. அன்னைக்குக் காலைல ஒம்பது மணிக்கு இது மறுபடி மேல வரணும். 'முத்துராணி இப்போ இறுதியாண்டு'ன்னு ஒரு வரி சேத்துப் போடுங்க."

"அந்தப் பொண்ணு இறுதியாண்டு இல்ல சார்," என்றாள் பிரம்மநாயகி. "ரெண்டாம் வருசத்துலயே நின்னுட்டா."

"நின்னது யாருக்குத் தெரியும்?"

"அவளுக்குத் தெரியும்."

வடிவமைப்பாளர் ஜெபசீலன் சிரிப்பை அடக்கிக்கொண்டு மடிக்கணினிக்குள் குனிந்தான். பெருமாள்ராஜ் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிறவர் இல்லை. அதுதான் அவரோடு வேலை செய்வதில் உள்ள சிரமம்.

"சரிம்மா, இறுதியாண்டுன்னு போட வேண்டாம். 'எங்கள் முத்துராணி'ன்னு மட்டும் போடுங்க. ஆனா பழைய ஒப்புதல் ஒரு வருசத்துக்குத்தான் எழுதி வாங்கியிருக்கோம், புதுசா வாங்குங்கன்னு வக்கீல் சொல்லுதாரு. சீவலப்பேரிதான? போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துருங்க. உங்களைத்தான் அவங்களுக்குத் தெரியும்."

உண்மைதான். அவளைத்தான் அவர்களுக்குத் தெரியும்.

பாளையங்கோட்டையில் ஏறிய டவுன் பஸ்ஸில் கூட்டமில்லை. மே மாத வெயில் இருக்கையின் ரெக்சினைச் சுட வைத்திருந்தது. துப்பட்டாவை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

முதலில் போனதும் இதே பஸ்ஸில்தான், ஒரு நவம்பரில். முத்துராணி அப்போது நர்சிங் முதலாமாண்டு. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களைப் பற்றி ஒரு வரிசை எடுக்கலாம் என்று யோசனை சொன்னது பிரம்மநாயகியே. கேமராக்காரரோடு போய் இறங்கியபோது பிசானப் பருவ நடவு முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. வயலெல்லாம் பச்சை பிடித்துவிட்டது. வரப்போரம் மிச்சம் கிடந்த நாற்றில் இரண்டு கட்டுகளை எடுத்துக்கொண்டு, வயல்காரரிடம் கெஞ்சி ஒரு மூலையில் இடம் வாங்கினார்கள். வீடியோ என்றதும் ஆறுமுகத்தாய் குளித்து, கல்யாண வீட்டுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இது வேண்டாம், வேலைக்குப் போகிற சேலை கட்டுங்கள் என்றாள் பிரம்மநாயகி. கட்டி வந்தாள், மேலே சட்டையோடு. சட்டை வேண்டாம், படத்தில் நல்லா இருக்காது. கழற்றி வரப்பில் வைத்தாள். சேலையை இன்னும் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கோங்க, அப்பத்தான் இயல்பா இருக்கும். அதற்கும் சரி என்றாள். மூன்று முறை நட்டு, மூன்று முறை பிடுங்கினாள். ஒவ்வொரு முறையும் முடித்துவிட்டு, "சரியா வந்துச்சா டீச்சரம்மா?" என்று கேட்டாள். நான் டீச்சர் இல்லை என்று பிரம்மநாயகி திருத்தவில்லை. அந்தச் சொல் அவளுக்குப் பிடித்திருந்தது.

அடுத்த மே மாதம் வீடியோ ஃபேஸ்புக்கில் ஏறியது. அந்தப் பக்கத்தை எட்டு வருஷம் முன்பு, பல்கலைக்கழகம் வெறும் கல்லூரியாக இருந்தபோது, பிரம்மநாயகிதான் தன் சொந்தக் கணக்கிலிருந்து தொடங்கியிருந்தாள். பின்தொடர்பவர்கள் இரண்டு லட்சமான பிறகும் அதை யாரும் மாற்றவில்லை. அவளுடைய கணக்கில் முகப்புப் படம் ஒரு செம்பருத்திப் பூ. தன் முகத்தை அவள் எங்கேயும் போட்டதில்லை. ஏன் என்று கணவன் ஒருமுறை கேட்டபோது, "கண்டவனும் பாப்பான்," என்றாள். அதைச் சொன்னதும் அந்த வீடியோ ஏறியதும் ஒரே மாதத்தில் நடந்தவை. அப்போது அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை.

இரண்டாம் நாளே கமெண்டுகள் வந்தன. பாராட்டுகளுக்கு நடுவே வேறு மாதிரியானவை. பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்: அசிங்கமான கமெண்டை அழிக்காதீர்கள். அழித்தால் எழுதியவனுக்குத் தெரிந்துவிடும், கோபத்தில் பத்தாக எழுதுவான். மறைத்துவிடுங்கள். அவனுக்கு அது இருப்பதாகவே தெரியும், ஊர் உலகத்துக்குத் தெரியாது. அவள் நூற்றுப் பதினேழு கமெண்டுகளை மறைத்தாள். நிர்வாகி என்பதால் அவளுடைய திரையில் மட்டும் அவை வெளிறிய எழுத்தில் நின்றன. சலவையில் போகாத கறை மங்கியது போல.

ஜூனில் முத்துராணி அலுவலகத்துக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். "மேடம், அந்த வீடியோக்குக் கீழ எங்க அம்மையப் பத்தி அசிங்கமா எழுதியிருக்காம். எங்க அண்ணன் சொல்லுதான்."

பிரம்மநாயகி ஜெபசீலனுடைய போனை வாங்கிப் பக்கத்தைத் திறந்து, அவள் கண் முன்னே விரலால் தள்ளிக்கொண்டே போனாள். வாழ்த்துகள். பூங்கொத்துகள். கும்பிடும் கைகள். "பாரு. ஒண்ணுமே இல்ல. சுத்தமா இருக்கு."

"எங்க அண்ணன் போன்ல தெரியுதே."

"அது பழசா இருக்கும். போனை ஒருக்கா அணைச்சுப் போடச் சொல்லு."

முத்துராணி இன்னும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "சாரி மேடம்," என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்த அக்டோபரில் படிப்பை நிறுத்தினாள். காரணம் என்று கோப்பில் எழுதியிருந்தது: குடும்பச் சூழல்.

பிரம்மநாயகி போய்ச் சேர்ந்தபோது ஆறுமுகத்தாய் வீட்டுக்குள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, மடியில் முறத்தோடு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் முறத்தை இறக்கி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க டீச்சரம்மா. இந்த வெயில்ல வந்திருக்கியளே. ஒரு போனு போட்டிருக்கக் கூடாதா? இவ பேட்டைல ஒரு கம்பெனிக்கு வேலைக்குப் போறா. அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துருவா. உக்காருங்க."

"வயலுக்குப் போறதில்லையாம்மா?"

"அதெல்லாம் விட்டு ரெண்டு வருசம் ஆச்சு. வீட்டுக்குள்ள இருந்து பீடி சுத்துதேன். நெழல்ல வேல." அவள் சிரித்தாள். சிரிப்பு நின்றதும் கை தானாகச் சேலை நுனியைக் கணுக்காலுக்கு இழுத்து விட்டது.

உள்ளறையிலிருந்து மகன் சொரிமுத்து வந்தான். லாரிக்குப் போகிறவன், பகலில் தூங்கியிருக்க வேண்டும். பிரம்மநாயகியின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தான்.

"என்ன, கையெழுத்தா? இன்னொருக்கா போடப் போறியளோ?"

"கேக்கத்தான் வந்தேன் தம்பி. சம்மதமான்னு..."

"மொதப் போட்டதையே இன்னும் எடுக்கல. அதுக்குள்ள அடுத்ததா?" அவன் போனை எடுத்துத் தேடி அவளிடம் நீட்டினான். "படிங்க. படிச்சவுகதான."

அவள் படித்தாள். வெளிறிய எழுத்தாக மட்டுமே பார்த்திருந்தவை அவன் திரையில் கன்னங்கரேலென்று நின்றன. 'காலு நல்லாத்தான இருக்கு, காலேஜ் எதுக்கு?' அதற்கு நாற்பத்தொரு சிரிப்பு. 'எந்தத் தெருன்னு போடுங்கப்பா, நாங்களும் நாற்று நட வாரோம்.' கீழே கீழே பதில்கள். ஒருவன் அம்மாவின் படத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் போட்டிருந்தான்.

"இந்த இன்பமணி எங்கூடக் கபடி ஆடுதவன்," என்றான் சொரிமுத்து. "இந்த வீட்டுல உக்காந்து எங்கம்மை கையால தின்னவன். இங்கன இருக்கவன் அம்புட்டுப் பேரும் எனக்குப் பிரண்டுதான். எல்லாவனுக்கும் தெரியும். எல்லாவனும் பாத்தான். அவன் மண்டையப் பொளந்துட்டு ரெண்டு நாள் ஸ்டேசன்ல கெடந்தேன். ஆனா இது மட்டும் அங்கனயே கெடக்கு."

பிரம்மநாயகி தன் போனை எடுத்து அதே இடத்தைத் திறந்தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒன்றில் வெளிறி, ஒன்றில் கறுத்து, ஒரே வரிகள். பயிற்சி வகுப்பின் அந்தத் தாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. மறைத்த கமெண்ட், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் மட்டும் தெரியும். முழு வாக்கியத்தையும் அன்று படித்தாள். முதல் பாதியை ஒரு தந்திரமாக எடுத்துக்கொண்டாள். இரண்டாம் பாதியைப் பற்றி யோசிக்கவில்லை. நண்பர்கள் என்றால் யார்? ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஒரே ஆற்றில் குளிக்கிறவர்கள், கண்ணில் பட்டால் அம்மாவை அடையாளம் தெரிந்துகொள்கிறவர்கள். சென்னையில் இருப்பவனுக்கும் துபாயில் இருப்பவனுக்கும் பக்கத்தைச் சுத்தமாக்கிக் கொடுத்துவிட்டு, அந்த அசிங்கம் முழுவதையும் அவள் சீவலப்பேரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தாள்.

"நான் இதையெல்லாம் அன்னைக்கே மறைச்சுட்டேன் தம்பி," என்றாள். குரல் தாழ்ந்தது. "மறைச்சு வச்சா மத்தவங்களுக்குத் தெரியாது."

"யாருக்கு மறைச்சிய?" என்று கேட்டான் சொரிமுத்து.

ஆறுமுகத்தாய் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். "குடிங்க. ஏலே, பைய பேசு. வந்தவுகள நிக்க வச்சு கேள்வி கேக்கான்."

முத்துராணி ஐந்தே முக்காலுக்கு வந்தாள். நீலநிறக் கம்பெனிக் கோட்டு, தோளில் சாப்பாட்டுப் பை. பிரம்மநாயகியைப் பார்த்ததும் வாசலில் நின்றாள், அன்று அலுவலகத்தில் நின்றதைப் போலவே. ஆனால் இது அவள் வீடு என்பது ஒரு நொடியில் ஞாபகம் வந்தவளாக உள்ளே வந்து பையை ஆணியில் மாட்டினாள்.

"அன்னைக்கு நீங்க காமிச்ச போன்ல ஒண்ணும் இல்ல மேடம்," என்றாள், யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது போல. "நான் வந்து எங்க அண்ணன அடிச்சேன். என்னைப் படிக்க விடாம இருக்கதுக்குப் பொய் சொல்லுதான்னு. மூணு மாசம் அவன்கூடப் பேசல. பஸ்ஸுல இறங்கையில பயலுவ கேப்பானுவ, உங்கம்மை இன்னைக்குச் சட்டை போட்டுருக்காளான்னு. எங்க பாத்துட்டுக் கேக்கானுவன்னு தெரியும். ஆனா நீங்க இல்லன்னு சொல்லிட்டியள்லா. பொறவு நான் யார்கிட்ட போய்ச் சொல்ல?"

"நீ திரும்பப் படிக்கிறதுன்னா நான் பேசி..."

"பேசாதிய மேடம்."

கடுமையாகச் சொல்லவில்லை. அடுப்பைத் தொடாதே என்று சின்னப் பிள்ளையிடம் சொல்கிற குரல்.

ஆறுமுகத்தாய்க்குப் பொறுக்கவில்லை. "சரி விடுட்டி. அவுக பொழப்பு அது. கையெழுத்துதான கேக்காக? போட்டுக் குடு. வேலைக்கு எடைஞ்சலா வந்துரப் போவுது."

"நீயே போடு. உன் காலுதான அது."

ஆறுமுகத்தாய் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, "எங்கன போடணும்?" என்று கேட்டாள்.

பிரம்மநாயகி முன்னால் எடுத்து வைத்திருந்த தாளை உடனே இழுத்துக்கொள்ளவில்லை. ஒரு நொடி காத்திருந்தாள். அந்தப் பீடித்தூள் படிந்த விரல்கள் பேனாவுக்கு நீண்டன. கையெழுத்து விழுந்துவிட்டால் என் மேல் எந்தப் பொறுப்பும் இல்லை என்று அந்த நொடி நினைத்தாள். நினைத்ததை அவள் கண்டுகொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்பு தெரியாமல் செய்ததற்காவது ஒரு சாக்கு உண்டு. இந்த நொடிக்கு இல்லை.

தாளை மடித்துக் கோப்புக்குள் வைத்தாள். "வேண்டாம்மா."

முத்துராணி அவளைக் கூர்ந்து பார்த்தாள். "எடுத்துருவியளா?"

"எடுத்துருதேன்."

"திரும்பப் போட மாட்டியள்லா?"

"மாட்டேன்."

முத்துராணி தலையாட்டினாள். நம்பியதாகத் தெரியவில்லை. இந்த மேடத்தின் வாயிலிருந்து வரும் 'இல்லை' எவ்வளவு பெறும் என்று அவளுக்குத் தெரியும்.

திரும்பும் பஸ்ஸில் பிரம்மநாயகி வீடியோவை நீக்கினாள். உறுதியா என்று திரை ஒரு முறை கேட்டது. உறுதி என்று அழுத்தினாள். நான்கு நொடி. பன்னிரண்டு லட்சம் பார்வையும் நூற்றுப் பதினேழு கறுப்பு வரிகளும் ஒன்றாகப் போய்விட்டன. இரண்டு வருஷமாக அது இந்த நான்கு நொடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. மனம் லேசாகும் என்று ஒரு எதிர்பார்ப்பு. ஆகவில்லை. சொரிமுத்து தன் போனில் படம் பிடித்து வைத்திருப்பான். இன்பமணியின் போனிலும் இருக்கும். பஸ்ஸில் கேட்கிறவர்களுக்கு வீடியோ தேவையே இல்லை.

மறுநாள் காலை பெருமாள்ராஜ் அவளுடைய மேசைக்கே வந்தார்.

"வீடியோவக் காணோமேம்மா?"

"எடுத்துட்டேன் சார்."

"யாரைக் கேட்டு?"

"அந்தப் பொண்ணு கேட்டா."

நடந்ததை அவள் சொன்னாள். மறைத்தது, அதை யாரெல்லாம் பார்த்தார்கள் என்பது, சட்டை. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"பாவம்தான்," என்றார். "சரி, ஒண்ணு செய்வோம். ஒரிஜினல் நம்மகிட்ட இருக்கு. அம்மா வாரதை இடுப்புக்கு மேல மட்டும் வச்சு வெட்டிப் போடுவோம். கமெண்ட்டையே மூடிருவோம். ஒருத்தனும் ஒரு எழுத்து எழுத முடியாது. பிரச்சனை தீந்துச்சா?"

நியாயமாகத்தான் பட்டது. இதையே இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் செய்திருந்தால் ஒரு பெண் இன்று வெள்ளைச் சீருடையில் இருந்திருப்பாள். இப்போது செய்தால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. முகம் மறுபடி ஊருக்குள் போகும். பழைய சிரிப்பு மறுபடி பஸ்ஸில் ஏறும். வெட்டப்படாத படம் எல்லாருடைய போனிலும் இருக்கிறது.

"அவங்க ஒப்புதல் தரலை சார்."

"பழசு இருக்கு. தேதி பொடி எழுத்துல இருக்கு. யாரு பாக்கப் போறா?"

"நான் போட மாட்டேன் சார்."

பெருமாள்ராஜ் எழுந்தார். நாற்காலியை அதன் இடத்திலேயே திருப்பி வைத்தார். "உங்களைக் கட்டாயப்படுத்தல. கான்ட்ராக்ட் ஜூனோட முடியுது, அதையும் நெனச்சுப் பாத்துக்கோங்க. ஜெபசீலன் போடுவாரு. ஏ ஜெபா, மேடம் கணக்குல உள்ள போயி உன் பேரை நிர்வாகியா சேத்துக்கோ. அவங்க பேரை எடுத்துரு."

எதிர் மேசையில் ஜெபசீலன் தயக்கத்தோடு கணினியைத் தன் பக்கம் திருப்பினான். கடவுச்சொல் இந்த அறையில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாட்காட்டியின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். பெருமாள்ராஜ் அவன் தோளுக்குப் பின்னால் போய் நின்றார்.

பிரம்மநாயகியின் கையிலிருந்த போன் அதிர்ந்தது.

"அக்கா," என்றான் ஜெபசீலன், நிமிர்ந்து பார்க்காமல். "ஓ.டி.பி. வந்திருக்கும்."

வந்திருந்தது. ஆறு எண்கள். பத்து நிமிடத்துக்குள் பயன்படுத்தவும், யாரிடமும் பகிர வேண்டாம் என்று கீழே எழுதியிருந்தது. எத்தனையோ முறை இந்த அறையில் அவள் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறாள், டீ குடித்துக்கொண்டே, வேறு யாரோடோ பேசிக்கொண்டே.

இது இல்லாவிட்டால் அவர்கள் வேறு வழி கண்டுபிடிப்பார்கள். ஃபேஸ்புக் நிறுவனத்துக்கு எழுதுவார்கள், ஆவணம் அனுப்புவார்கள். இரண்டு வாரம் ஆகலாம். ரிசல்ட் நாள் போய்விடும், அவ்வளவுதான். அடுத்த வருஷம் இன்னொரு ஊரில் இன்னொரு அம்மாவை வயலில் இறக்குவார்கள். அதையும் அவள் அறிவாள்.

"அக்கா? ஆறு நம்பர். சொல்லுங்க."

"வந்திருக்கு ஜெபா," என்றாள்.

அவன் விரல்கள் விசைப்பலகையின் மேல் காத்திருந்தன. பெருமாள்ராஜ் அவளைப் பார்த்தார். அவள் போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள்.

"சொல்லுங்கக்கா, நேரம் போகுது."

"போகட்டும்," என்றாள் பிரம்மநாயகி.